பிட்சரின் வெற்றிக் கணக்குக்கு இன்னும் மதிப்பு உண்டா?

கேள்வி:
2025-இல் அமெரிக்க பேஸ்பாலில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) பால் ஸ்கீன்ஸ் 10 வெற்றி, 10 தோல்வி என்ற கணக்குடன் நேஷனல் லீகின் (மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்று; மற்றது அமெரிக்கன் லீக்) சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வென்றார். வாக்களித்த அனைவருமே அவரை முதலிடத்தில் வைத்தனர். அப்படியானால், பிட்சரின் பெயருக்கு நேரே வெற்றி, தோல்வியை இன்னும் எதற்காக எழுதுகிறார்கள்?

மறுமொழி 1:
பழக்கத்தினால்தான் என்பேன். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரின் பெயரில் வெற்றி ஏற, அவர் ஐந்து இன்னிங்ஸாவது (இரு அணியும் ஒரு முறை மட்டை பிடிப்பது ஒரு இன்னிங்ஸ்; ஆட்டத்துக்கு ஒன்பது) வீசி, தம் அணி முன்னிலையில் இருக்கும்போது வெளியேற வேண்டும். அந்த முன்னிலை கடைசிவரை பறிபோகாமலும் இருக்க வேண்டும். ரன் எடுப்பதும் அவர் கையில் இல்லை, அவர் போன பிறகு அதைக் காப்பதும் அவர் கையில் இல்லை. ஏழு இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் வீசியவர் 1-0 என்ற நிலையில் வெளியேறுகிறார். எட்டாவது இன்னிங்ஸில் வந்த ரிலீவர் (மாற்றாக வரும் பிட்சர்) அந்த முன்னிலையைக் கோட்டைவிடுகிறார். அதே இன்னிங்ஸின் மறுபாதியில் அணி மீண்டும் முந்தி ஜெயித்தால், வெற்றி பெரும்பாலும் கோட்டைவிட்ட ரிலீவரின் பெயரில்தான் ஏறும்! 1987-இல் ஹூஸ்டனின் நோலன் ரயன் 2.76 என்ற இ.ஆர்.ஏ.வுடனும் (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக பிட்சரின் பொறுப்பில் சேரும் ரன்; குறைந்தால் நல்லது) 270 ஸ்ட்ரைக்அவுட்டுகளுடனும் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது) லீகிலேயே இரண்டிலும் முதலிடம் பிடித்தார். அவர் கணக்கில் இருந்தவை 8 வெற்றியும் 16 தோல்வியும்.

மறுமொழி 2:
எல்லாக் காலத்துக்கும் இதைப் பொருத்திவிட முடியாது. 1972-இல் பிலடெல்பியா பில்லீஸ் மொத்தமே 59 ஆட்டங்களில்தான் வென்றது. அவற்றில் 27 ஸ்டீவ் கார்ல்டனுடையவை. தாம் தொடங்கிய 41 ஆட்டங்களில் 30-ஐ அவரே வீசி முடித்தார். அப்படி உழைத்தவருக்கு அந்த எண் பொருந்தவே செய்தது. இன்றோ எதிரணி மட்டையாளர்கள் மூன்றாம் சுற்று வருவதற்குள் அணியின் மேலாளர் பிட்சர் நிற்கும் மேட்டுக்கு வந்து பந்தை வாங்கிக்கொள்கிறார்.

மறுமொழி 3:
வாக்காளர்கள் மாறியதையும் சேர்த்துப் பாருங்கள். 1990-இல் ரோஜர் கிளெமன்ஸின் இ.ஆர்.ஏ. 1.93, வெற்றிகள் 21. ஆனால் அமெரிக்கன் லீகின் சை யங் விருது 27 வெற்றி பெற்ற பாப் வெல்ச்சுக்குப் போனது, அவருடைய இ.ஆர்.ஏ. 2.95 ஆக இருந்தும். 2010-இல் 13-12 கணக்குடன் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் அதே விருதை வாங்கினார். 2023-இல் ஸ்பென்சர் ஸ்ட்ரைடரின் 20 வெற்றிகளைத் தாண்டி, 14 வெற்றி பெற்ற பிளேக் ஸ்னெல் நேஷனல் லீகில் வென்றார். ஒரு சீசனுக்கு அந்த எண் உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருபது ஆண்டு உழைப்பை அளக்க அது இன்னும் ஓரளவு உதவும். ஆனால் 2009-இல் ராண்டி ஜான்சன் மொத்தம் 300 வெற்றிகளைத் தொட்ட பிறகு வேறு யாரும் அங்கே எட்டவில்லை.