‘ஓரினச்சேர்க்கை’ வேண்டாம் சரி, வேறென்ன? காணொளி ஆட்டக் காதலுக்கான கலைச்சொல் விவாதம்

ந. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

காணொளி ஆட்டங்களைத் தமிழாக்குவோர் அடிக்கடி இடறும் ஒரு சொற்றொடரை இங்கே வைக்கிறேன். ஆட்டத்துக்குள் யாரைக் காதலிக்கலாம், யாரை மணக்கலாம் என்பதை ‘ரொமான்ஸ் ஆப்ஷன்’ என்கிறார்கள். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் இணைய வழியிருந்தால் முன்னால் ‘சேம்-செக்ஸ்’ சேர்ந்துகொள்கிறது. நம் செய்தித்தாள்கள் பழக்கத்தில் ‘ஓரினச்சேர்க்கை’ என்று எழுதிவிடுகின்றன. மொழிபெயர்ப்புக் கோப்புகளுக்குள்ளும் அதுவே நுழைந்துவிடுகிறது. அதை அறவே விட வேண்டும் என்கிறேன்.

முதலில் ‘சேர்க்கை’யைப் பாருங்கள். 2016இல் வந்த ஸ்டார்டியூ வேலி ஓர் உழவு ஆட்டம். மணக்கத்தக்கவர்கள் இன்று பன்னிருவர், ஆண் ஆறு, பெண் ஆறு. ஆடுபவர் ஆணோ பெண்ணோ, பன்னிருவரில் எவரையும் மணக்கலாம். ஊராரோடு உள்ள நட்பை ஆட்டம் இதயக் குறிகளால் அளக்கிறது; ஓர் இதயத்துக்கு 250 நட்புப் புள்ளி. எட்டு இதயம் நிறைந்ததும் 200 காசுக்குப் பூங்கொத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். பத்து இதயமானதும் மழை நாளில் கடற்கரைக்குப் போய், கிழ மாலுமியிடம் 5000 காசுக்குக் கடற்கன்னிப் பதக்கம் வாங்க வேண்டும். வீட்டை ஒருமுறையாவது பெரிதாக்கியிருக்க வேண்டும். பிறகு கல்யாணம். இதில் ‘சேர்க்கை’க்கு என்ன வேலை? வயதுக் குறிப்பில் அந்தச் சொல்லைப் போட்டால், பூங்கொத்தும் கல்யாணமும் உள்ள ஆட்டத்தில் படுக்கையறைக் காட்சி இருக்கிறது என்றுதான் பெற்றோர் நினைப்பார்கள். அதே ஆட்டத்தில் ஓர் ஆண் ஒரு பெண்ணை மணந்தால் அதைச் ‘சேர்க்கை’ என்று எவரும் எழுதுவதில்லை.

அடுத்து ‘இனம்’. ஆட்டங்களில் இந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. 2014இல் வந்த டிராகன் ஏஜ்: இன்குவிசிஷனில் சோலஸ் என்பவன் எல்ஃப் இனப் பெண்ணை மட்டுமே ஏற்பான். கல்லன் மனிதப் பெண்ணையும் எல்ஃப் பெண்ணையும் ஏற்பான்; குள்ளர், கூனரி இனப் பெண்களுக்கு அந்த வழி அடைப்பு. அங்கே இனம் ஒரு நிபந்தனை, பால் வேறொரு நிபந்தனை. சொல்லை அப்படியே எடுத்தால் சோலஸ் கதைதான் ‘ஓரினக் காதல்’! விண்வெளி ஆட்டமான மாஸ் எஃபெக்டில் மனிதப் பெண்ணான ஷெப்பர்டும் அசாரி இனத்து லியாராவும் இணைவது வேற்றினக் காதல். 2007இல் சிங்கப்பூர் அந்த ஆட்டத்தைத் தடுத்து, பிறகு 18 வயது முத்திரையோடு அனுமதித்ததற்கு அந்தக் காட்சிதான் காரணம். அந்தச் செய்தியை ‘ஓரின’ என்று தமிழில் எழுதினால் வாக்கியமே பொய்யாகிறது.

என் முன்மொழிவு: ‘ஒருபால் காதல் விருப்பத்தேர்வு’. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

– ந.


இ. எழுதியது:

வணக்கம் ந.

> ஒருபால் காதல் விருப்பத்தேர்வு

‘ஓரின’ பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. மாற்றாகத் தந்ததில் இரண்டு இடத்தில் உடன்பட முடியவில்லை.

‘ஒருபால்’ என்றால் ஒரு பக்கம் என்ற பொருள் தமிழில் ஆழப் பதிந்தது. ‘ஒருபால் கோடாமை’ என்று குறள் படித்த எவருக்கும் ‘ஒருபால் காதல்’ ஒருதலைக் காதலாகத்தான் கேட்கும். ஆட்டங்களில் ஒருதலைக் காதலும் தனியாக உண்டு. குழப்பம் நிச்சயம்.

‘விருப்பத்தேர்வு’ மென்பொருள் அமைப்புப் பக்கத்துக்குப் போய்விட்ட சொல். ஒலி அளவு, திரை ஒளி, மொழி எல்லாம் அதன் கீழேதான் வருகின்றன. மேலும் ‘விருப்பம்’ என்பது பாத்திரத்தின் மனதுக்குரியது. யாருடைய விருப்பம் என்பதுதான் இந்த விவாதத்தின் உயிர்நாடி, அதை ஆடுபவரின் பொத்தானுக்குக் கொடுத்துவிடக் கூடாது. இலங்கையில் ‘தெரிவு’ என்றே பேசுகிறோம், எழுதுகிறோம். தமிழ்நாட்டில் ‘தேர்வு’ என்றால் பரீட்சை முன்னால் வந்து நிற்கும். ‘தெரிவு’க்கு அந்தச் சிக்கல் இரு கரையிலும் இல்லை.

– இ.


கு. எழுதியது:

அன்பர்களே,

நமக்கு அகத்திணை மரபு இருக்கும்போது புதுச்சொல் ஏன்? ஆடுபவர் விரும்பியும் பாத்திரம் ஏற்காத நிலைக்குக் கைக்கிளை. ஒரே பாலார் காதலுக்குப் பெருந்திணையைக் கொள்ளலாமே. அது வேண்டாமென்றால் ‘உற்ற தோழமை’ எனலாம். எவர் மனமும் கோணாது.

– கு.


செ. எழுதியது:

கு. ஐயா, வணக்கம். கைக்கிளைக்கு நன்றி, அதற்குப் பின்னால் வருகிறேன். மற்ற இரண்டையும் ஏற்க இயலாது. இதை அழுத்தமாகவே சொல்ல வேண்டும்.

பெருந்திணையைப் பொருந்தாக் காமம் என்றே உரையாசிரியர்கள் விளக்கினார்கள். அந்தப் பெயரைச் சூட்டினால் சொல்லே தீர்ப்பு எழுதிவிடும். பூங்கொத்தை ஏற்றுக்கொண்ட இருவரைப் பார்த்துப் பொருந்தவில்லை என்று நம் கோப்பு சொல்லக் கூடாது.

‘தோழமை’ ஏற்கெனவே நடந்துபார்த்த வழி. பிற்பாடு ஸ்டோரி ஆஃப் சீசன்ஸ் என்று பெயர் மாறிய உழவு ஆட்டத் தொடரில், 2005இல் ஜப்பானில் வந்த பெண் உழவர் பதிப்பில் பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழலாம். அதற்கு வைத்த பெயர் ‘சிறந்த தோழி’. வட அமெரிக்கப் பதிப்பில் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். தோழமை என்று பெயரிட்டும் அது தப்பவில்லை. பின்னாளில் அதே தொடரின் மறுஆக்கம் மேற்கே போனபோது ஆங்கிலத்தில் நேராகத் திருமணம் என்றே எழுதினார்கள். ஆட்டத்தில் திருமணம் என்றிருந்தால் தமிழிலும் திருமணம்தான்.

இனி என் பங்கு. ‘ரொமான்ஸ் ஆப்ஷன்’ என்ற ஒரே சொல்லில் ஆங்கிலம் மூன்று பொருளை அடைத்து வைத்திருக்கிறது. நாம் பிரித்துக்கொள்வோம்.

காதலிக்கத்தக்க பாத்திரம் ஒன்று. கதைமாந்தர் என்பதை ஒட்டி ‘காதல்மாந்தர்’ எனலாம். உரையாடலில் இதயக் குறியோடு வரும் வரி இன்னொன்று. அதற்கு இ. சொன்ன ‘தெரிவு’ பொருந்தும்: ‘காதல் தெரிவு’. மூன்றாவது, அந்த வரியைத் தொட்டபின் பிரிந்து ஓடும் கதைப்பகுதி. இதற்குத்தான் கைக்கிளை கைகொடுக்கிறது. அதில் வரும் ‘கிளை’க்கு உறவு என்று பொருள் சொல்வார்கள். கதை கிளை பிரிகிறது, உறவும் கிளைக்கிறது. ஆகவே ‘காதற்கிளை’. ஐந்தே எழுத்து, கணினிக் கணக்கில் ஒன்பது குறி. பொத்தானில் அடங்கும்.

இந்தப் பிரிப்பு ஏன் அவசியம் என்றால், ஒரே பாலினக் காதல் ஆட்டத்தில் இருக்க வேண்டுமா என்ற சண்டை ஓய்ந்த இடங்களிலும் எப்படி இருக்க வேண்டும் என்ற சண்டை ஓயவில்லை. 2011இல் டிராகன் ஏஜ் 2 வெளியானபோது ஆண்டர்ஸ், ஃபென்ரிஸ், இசபெல்லா, மெரில் நால்வரும் ஆணாக ஆடினாலும் பெண்ணாக ஆடினாலும் இசைவார்கள். ஆண் துணைவன் ஒருவன் ஆண் நாயகனிடம் நெருங்கிப் பேசுகிறான் என்று எதிர்ப்பு வந்தது. காதற்கிளைகள் ஒரு சாராருக்கு மட்டும் உரியவை அல்ல, எல்லாருக்குமானவை என்று தலைமை எழுத்தாளர் டேவிட் கெய்டர் பதில் சொன்னார். அந்தப் பதிலை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

ஆனால் ஆட்டத்தின் கட்டுமானத்தைப் பற்றி வேறொரு கேள்வி மிச்சமிருந்தது. ஆண்டர்ஸ் ஆண் நாயகனிடம் கார்ல் தன் காதலனாக இருந்ததைச் சொல்கிறான். பெண் நாயகியிடம் அதைச் சொல்வதில்லை. ஸ்டார்டியூவில் மணக்கத்தக்க பெண்களில் ஒருத்தியான லியாவின் முன்னாள் துணை கெல், ஆடுபவர் ஆணென்றால் ஆண், பெண்ணென்றால் பெண். பாத்திரத்தின் கடந்த காலமே ஆடுபவரைப் பார்த்து மாறுகிறது. ரசிகர்கள் இதைத்தான் ‘பிளேயர்செக்சுவல்’ என்று அழைத்தார்கள். இதை ‘இருபாலீர்ப்பு’ என்று மொழிபெயர்ப்பது பிழை. இருபாலீர்ப்பு ஒருவரின் இயல்பு, எவர் ஆடினாலும் அது அவரோடு இருக்கும். இங்கே இயல்பு என்று ஒன்று எழுதப்படவே இல்லை. நான் முன்மொழிவது ‘ஆடுநர்வழி ஈர்ப்பு’. எதிர்ச்சொல் ‘நிலைத்த ஈர்ப்பு’.

நிலைத்த ஈர்ப்பு இன்குவிசிஷனில் தெளிவாக இருக்கிறது. டோரியன் ஆண்களை மட்டும், செரா பெண்களை மட்டும், ஜோசஃபின் இரு பாலாரையும் ஏற்பார்கள். டோரியனின் தந்தையோடு அவனுக்குள்ள பிணக்கு அவன் ஈர்ப்பிலிருந்தே பிறக்கிறது. எல்லாருக்கும் இசைபவனாக அவனை மாற்றினால் அந்தக் கதை நிற்காது. விலை என்னவென்றால் எண்ணிக்கை சுருங்கும். மாஸ் எஃபெக்டில் ஆண் ஷெப்பர்ட் ஓர் ஆணைக் காதலிக்க 2012இல் வந்த மூன்றாம் பாகம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

– செ.


இ. எழுதியது:

செ., ‘ஆடுநர்வழி ஈர்ப்பு’ நல்ல சொல். ஓடும் வாக்கியத்தில் ‘ஆட்டக்காரர்’ என்றே எழுதுவோம், அகராதித் தலைச்சொல்லில் ‘ஆடுநர்’ இருக்கட்டும்.

முன்னொட்டு இன்னும் முடியவில்லை. தன் பாலினத்தார் மீதுள்ள ஈர்ப்பைக் குறிக்கும் ‘தன்பாலீர்ப்பு’, பால்புதுமையர் (குவியர் சமூகத்தார்) எழுத்துகளில் வேரூன்றிவிட்டது. மரியாதையான சொற்கள் வேண்டுமென்று 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் வலியுறுத்தியதை அடுத்து, 2022இல் தமிழ்நாடு அரசிதழில் சொற்பட்டியலும் வந்தது. அந்தச் சமூகத்தார் ஏற்ற சொற்கள் இருக்கும்போது நாம் தனியாக வேறொன்று செய்யக் கூடாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: சேர்த்தே எழுத வேண்டும். ‘தன்பால் ஈர்ப்பு’ என்று பிரித்தால் தன் பக்கம் இழுத்தல் என்று படிக்க இடமுண்டு. வரி மடங்கும்போது மென்பொருள் நடுவில் முறிக்காதபடி பாருங்கள். ஏழு எழுத்து, 13 குறி.

இன்னொரு நுட்பம். தன்பாலீர்ப்பு ஓர் ஆளின் இயல்பைச் சொல்கிறது. இருவருக்கிடையே உள்ள உறவை அது சொல்லாது. ஸ்டார்டியூவில் ஓர் ஆண் உழவர் அலெக்ஸை மணந்தால் அது ஒரே பாலார் மணம். அதனால் அலெக்ஸுக்குத் தன்பாலீர்ப்பு என்று பட்டியலில் எழுதிவிட முடியாது, அவன் ஈர்ப்பு ஆடுநர்வழி. உறவைக் குறிக்க ‘தன்பாலின’ என்ற அடையைக் கொள்ளலாம். ‘தன்பாலினத் திருமணம்’ செய்திகளில் ஏற்கெனவே புழங்குகிறது. ஆக, கதைக்குத் ‘தன்பாலினக் காதற்கிளை’, ஆளுக்குத் ‘தன்பாலீர்ப்பு’.

தி சிம்ஸ் 4 ஆட்டத்தில் 2022 ஜூலையில் வந்த மேம்படுத்தலையும் பாருங்கள். காதல் ஈர்ப்பு யார்மீது என்பது ஒரு கேள்வி, உடல் நெருக்கம் யாரோடு என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம். ‘சேர்க்கை’ என்று தமிழாக்கியிருந்தால் முதல் கட்டத்துக்குப் பெயர் வைக்கவே முடியாது.

– இ.


ந. எழுதியது:

‘ஒருபால்’, ‘விருப்பத்தேர்வு’ இரண்டையும் திரும்பப் பெறுகிறேன். இ., செ. இருவருக்கும் நன்றி.

வாக்கியத்தில் இறக்கிப் பார்த்தபோது வந்த சிக்கல்களைச் சொல்கிறேன். தமிழில் தன்மையும் முன்னிலையும் பால் காட்டா. ‘உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்’ என்பது நான்கு இணைக்கும் பொருந்தும். படர்க்கையில்தான் ‘வந்தான், வந்தாள்’ என்று பிடிபடுகிறோம். ஸ்டார்டியூ உரையாடலில் ^ குறிக்கு முன்னுள்ளது ஆண் உழவருக்கு, பின்னுள்ளது பெண் உழவருக்கு. அந்தக் குறி பார்ப்பது ஆடுபவரின் பாலை மட்டுமே, துணையின் பாலை அறியாது. ‘உன் துணை காலையில் கடைக்கு வந்தாள்’ என்று ஊரார் பேசும் பொது வரியை ^ கொண்டு பிரித்தால், ஆணுக்குப் பெண்தான் துணை என்று நாமே முடிவு கட்டியதாகிவிடும். மூலத்தில் திறந்திருந்த கதவைத் தமிழ் விகுதி அடைத்துவிடும். அங்கே ‘வந்தார்’ என்று எழுதுங்கள். ‘கணவன், மனைவி’க்குப் பதில் ‘துணை’, கல்யாண வரியில் ‘மணமக்கள்’. தன்பாலின இணையருக்குக் குழந்தை தத்தெடுப்பாக வரும், அதற்கான வரிகள் தனி. பிரசவ வரியை அங்கே நகலெடுத்து ஒட்டிவிடாதீர்கள்.

ஆட்டத்துக்குள் வரும் கடிதங்களில் ^ வரியை முறிக்கும் குறி. உரையாடலில் இருந்து அப்படியே எடுத்துப் போட்டால் ஆண் வரியும் பெண் வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டும் தெரியும். கடிதத்தில் பால் பிரிக்க ¦ குறியைப் போட வேண்டும்.

ஒரு கேள்வி. சைபர்பங்க் 2077இல் ஜூடி பெண்ணுடலும் பெண்குரலும் உள்ள நாயகியை மட்டுமே ஏற்பாள். கெர்ரிக்கு ஆணுடலும் ஆண்குரலும் வேண்டும். பனாம் ஆணுடலை மட்டும் பார்க்கிறாள், குரலைப் பார்ப்பதில்லை. இந்தச் சோதனைக்கு என்ன பெயர்? ‘பால் நிபந்தனை’ என்றால் தவறு, ஆட்டம் கேட்பது உடலையும் குரலையும்தான்.

– ந.


செ. எழுதியது:

அதற்குப் பொதுவாக ‘கிளைத்தகுதி’ என்று வைப்போம். உடல், குரல், இனம், இதய எண்ணிக்கை எதுவானாலும் அதன் கீழே வரும். சோலஸின் எல்ஃப் நிபந்தனையும் அதில் அடங்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எதைச் சோதிக்கிறது என்று குறிப்பில் எழுதிவிட வேண்டும்.

தகுதியில்லாதவருக்கு வரும் மறுப்பு வரிகளையும் கவனியுங்கள். ஜூடி ஆண் நாயகனை மறுக்கும் இடத்தில் ‘நீ தகுதியில்லை’ என்ற தொனி வரக் கூடாது. ‘தகுதி’ கோப்புக்குள் இருக்க வேண்டிய சொல், பாத்திரத்தின் வாயில் வர வேண்டியதில்லை. ‘எனக்குப் பெண்கள்மேல்தான் ஈர்ப்பு’ என்பதே போதும்.

– செ.


கு. எழுதியது:

பெருந்திணையைத் திரும்பப் பெறுகிறேன், செ. சொன்ன காரணம் சரியானது. கைக்கிளையையும் தலைச்சொல்லாகச் சேர்க்க வேண்டாம். மறுக்கப்பட்டவரைக் கைக்கிளைக்குரியவர் என்றால் அதுவும் குறையாகத்தான் தொனிக்கும். ‘கிளை’ மட்டும் நிற்கட்டும்.

ஒரு திருத்தம்: ‘காதல்மாந்தர்’ பன்மை வடிவம். ஒருவரைக் குறிக்கும் இடத்தில் ‘காதலுக்குரியவர்’ என்று போடுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக நிற்கும், ^ தேவைப்படாது.

– கு.