மாணவர் குழுவைக் கருவியிலிருந்து மக்களிடம் திருப்புவது எப்படி?

கேள்வி: அறிவியல் ஆசிரியை, அரசு உயர்நிலைப் பள்ளி
வணக்கம். எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர் குழு ஒன்று, மனிதரை மையமாகக் கொண்ட வடிவமைப்பு முறையில் (பயன்படுத்துவோரின் தேவையை முதலில் அறிந்து, அதற்கேற்பத் தீர்வு காணும் முறை), ஊரில் மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் கலந்தே வருகிற சிக்கலை எடுத்துக்கொண்டுள்ளது. ஆனால் சென்சார் பொருத்திய தானியங்கித் தொட்டிதான் தீர்வு என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள். வீடுகளில் விசாரித்தபோது எல்லோரும் "பிரித்துத்தான் கொடுக்கிறோம்" என்று சொல்லிவிட்டதால், கேட்பதில் பயனில்லை என்கிறார்கள். அவர்களுடைய ஆர்வம் குன்றாமல் எப்படித் திருப்புவது?

பதில்: பொறியியல் கல்லூரிப் பேராசிரியர்
அம்மா, எம்பிரேஸ் குழுவின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். 2007இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான அந்தக் குழுவினருக்கு, குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் இன்குபேட்டரைக் குறைந்த விலையில் வடிவமைக்கும் பணி தரப்பட்டது. நேபாளத்துக்குச் சென்று பார்த்தபோது நகர மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் காலியாகக் கிடந்தன. அவை தேவைப்பட்ட குழந்தைகளோ தொலைவில், மின்சாரம் நம்பகமாக இல்லாத கிராமங்களில் பிறந்துகொண்டிருந்தன. ஆகவே அவர்கள் விலை குறைந்த இன்குபேட்டரைச் செய்யாமல், மெழுகு போன்ற பொருள் அடங்கிய பையைச் சூடாக்கி உள்ளே வைத்தால் சில மணி நேரம் 37 டிகிரி வெப்பத்தைக் காக்கும், குழந்தையைப் பொதிந்து வைக்கும் சிறு உறைப்பையைச் செய்தார்கள். பின்னர் இந்தியாவில் அதைக் காட்டியபோது, மேலை மருத்துவம் வீரியம் மிகுந்தது என்பதால் சொன்ன அளவைவிடக் குறைவாகவே சூடாக்குவேன் என்று ஒரு தாய் கூறினார். அதன்பின் வெப்ப அளவைக் காட்டும் எண்களையே நீக்கிவிட்டு, சூடு போதுமா இல்லையா என்பதை மட்டும் காட்டும்படி மாற்றினார்கள். அந்தத் தாயிடம் காட்டாமல் இருந்திருந்தால் எவ்வளவு நல்ல கருவியும் குழந்தைக்கு உதவியிருக்காது.

பதில்: ஊராட்சிப் பணிகளில் ஈடுபடும் தன்னார்வலர்
"பிரிக்கிறீர்களா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "நேற்றுச் சமைத்த பிறகு காய்கறித் தோலை எங்கே போட்டீர்கள், பால் உறையை எங்கே போட்டீர்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, காலையில் தூய்மைக் காவலர்களுடன் ஒரு தெரு முழுவதும் நடக்கட்டும். எந்த வீட்டில் ஒரே வாளி இருக்கிறது, வண்டி வரும் நேரத்தில் யார் வேலைக்குப் போய்விடுகிறார்கள், பிரித்துக் கொடுத்த குப்பையும் வண்டியிலேயே மீண்டும் கலக்கிறதா என்பதெல்லாம் அந்தக் காவலர்களுக்குத்தான் தெரியும். கலந்த குப்பையைக் கையால் பிரிப்பவர்களும் அவர்களே. அவர்களிடம் பேசாமல் எழுதப்படும் எந்தத் திட்ட அறிக்கையையும் நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி ஐயா. வண்டியிலேயே கலக்கும் வாய்ப்பை நாங்கள் எண்ணிப் பார்க்கவேயில்லை. அப்படியானால் தொட்டி செய்யும் எண்ணத்தைக் கைவிடச் சொல்ல வேண்டுமா?

பதில்: பொறியியல் கல்லூரிப் பேராசிரியர்
வேண்டாம் அம்மா. முதலில் சென்சார் இல்லாமல், சாக்கையும் அட்டைப்பெட்டியையும் கொண்டு ஒரு மாதிரியைச் செய்து சில வீடுகளில் ஒரு வாரம் வைக்கட்டும். எந்த வீட்டில் அது பயன்படவில்லையோ, அங்கே மீண்டும் போய் உட்கார்ந்து பேசட்டும்.