காண்டோவில் டிசம்பருக்கு ஐஸ் ரிங்க்காம், வியாழனுக்குள் குறிப்பு எழுதணும், உதவுங்க

கோவைப்பையன்_கேஎல்
வணக்கம். கோயம்புத்தூர்லருந்து கேஎல் (கோலாலம்பூர்) வந்து ஆறு வாரம் ஆச்சுங்க. எங்க காண்டோ (அடுக்குமாடி) ஜேஎம்பி, அதான் நிர்வாகக் குழு, ஸ்கூல் லீவுக்கு ஐஸ் ஸ்கேட்டிங் தளம் போடலாம்னு பேசுது. "குளிர் ஊர்கள்ல சீசனுக்கு மட்டும் திறந்தவெளியில போடறாங்களே, அதனால அக்கம்பக்கத்துக்கு என்ன நன்மைன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க"ன்னு என் தலையில கட்டிட்டாங்க. வாட்ஸ்அப்ல அவசரப்பட்டு சரின்னுட்டேன். வியாழக்கிழமை கூட்டம். ஐஸை நான் கரும்பு ஜூஸ்ல மட்டும்தான் பார்த்திருக்கேன்.

செந்தூல்வாசி
தம்பி, ஐஸ் இருக்கட்டும். வாடகை அக்ரிமெண்டுக்கு ஸ்டாம்ப் அடிச்சாச்சா? டெபாசிட் ரசீது கையில இருக்கா? வந்த புதுசுல இதையெல்லாம் விட்டுட்டு ஊர் வேலையை இழுத்துப் போட்டுக்காதே. 2013 ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி நிர்வாக) சட்டப்படி கூட்டத்துல ஓட்டு வீட்டு உரிமையாளருக்குத்தான், வாடகைக்காரருக்கு இல்லை. நாளைக்கு ஏதாவது தப்பாப் போனா உன் பேப்பரைத்தான் காட்டுவாங்க.

கிள்ளான்பொண்ணு_ஒட்டாவா
அவர் கேட்டது நன்மையைப் பத்தி. இங்கே கனடா ஒட்டாவாவில ரிடோ கால்வாய் உறைஞ்சா 7.8 கிலோமீட்டர் சறுக்கற பாதை, 1970-71 குளிர்காலத்துலேர்ந்து நடக்குது, காசு கிடையாது. ஐஸ் 30 செண்டிமீட்டர் கனம் வராம ஆளை இறக்க மாட்டாங்க. 2022-23ல குளிர் பத்தாம ஒரு நாள்கூட திறக்கலை.

ஆனா நீங்க எழுத வேண்டியது பேட்டைப் பூங்கா ரிங்க் பத்தி. அது அசல் கோத்தோங் ரோயோங், ஊரே கூடிச் செய்யற வேலை. பனியை மிதிச்சுக் கெட்டியாக்கி, ராத்திரி மைனஸ் பத்துக்குக் கீழே போனதும் ஹோஸ் பிடிச்சுத் தண்ணி விடுவாங்க. மெல்லிசா ஒரு பூச்சு, அது இறுகினதும் அடுத்தது. அவசரப்பட்டு ஒரேயடியா ஊத்தினா மேலே மட்டும் ஓடு கட்டி உள்ளே பொக்கையா நிக்கும், மறுநாள் பிள்ளைங்க கால் வெச்சா மடக்னு உடையும். நாலரை மணிக்கே இருட்டுற மாசத்துல, எதிர்வீட்டு முகமே தெரியாத ஜனம் ஒரு விளக்குக் கம்பத்துக்குக் கீழே கூடறதுதான் ஆதாயம். பழைய ஸ்கேட்டிங் ஷூவை இரவல் கொடுத்தா புதுசா வந்த குடும்பமும் இறங்கிடும்.

மஸ்ஜித்இந்தியா_கடை
எல்லா இடத்திலும் தருமத்துக்குப் போடறது இல்லைங்க. நியூயார்க் ராக்ஃபெல்லர் சென்டர்ல பள்ளத்துல இருந்த கடைகளுக்கு ஆளே வரலைன்னுதான் 1936 கிறிஸ்துமஸுக்கு ரிங்க் போட்டாங்க. தற்காலிகம்னு போட்டது இன்னிக்கும் ஓடுது. பாசார் மாலாம் (ராத்திரிச் சந்தை) கணக்குதான்: நிக்கிற கூட்டம் தின்னாமப் போகாது. கீழ்த்தளக் கடைக்காரங்க கிட்ட ஸ்பான்சர் கேளுங்க.

குளிர்சாதனம்_பூச்சோங்
நிஜ ஐஸ்னா முதல்ல கணக்கு. 20க்கு 10 மீட்டர், 5 செண்டிமீட்டர் கனம்: பத்தாயிரம் லிட்டர் தண்ணி. அடியில விரிச்ச குழாயில மைனஸ் பத்து டிகிரி வாக்கில உறையாம இருக்க கிளைக்கால் கலந்த நீர் ஓடணும். இங்கே எதிரி வெயில் மட்டும் இல்லை, ஈரக்காத்து. கேஎல்ல பனிநிலை, அதாவது காத்துல இருக்கிற ஆவி தண்ணியாப் படியற சூட்டளவு, 23, 24 டிகிரி. ஐஸ் மேலே ஒரு கிலோ ஆவி படிஞ்சா அது விடற சூடு ஏழு கிலோ ஐஸை உருக்கும். மேலே மூட்டம், கீழே குட்டை. நவம்பர், டிசம்பர் சாயங்கால மழை வேற. குளிர வைக்கிற சில்லர் மெஷின் விடாம ஓடும், டிஎன்பி கரண்ட் பில்லைப் பார்த்து ஜேஎம்பிதான் உறையும்.

பந்தாய்டாலம்72
பத்தாயிரம் லிட்டரா? கட்டடத்தோட போடியம் மாடித்தளம் தாங்குமா? லிஃப்ட் ரெண்டு மாசமா ரிப்பேர், வந்தவங்க காடி நிறுத்த இடமில்லை, மெயின்டெனன்ஸ் பாக்கி வெச்சவங்க பேரை நோட்டீஸ் போர்டுல ஒட்டறாங்க. இதுல ஐஸாம்! சன்வே பிரமிட் மால்ல ஐஸ் ரிங்க் 1997லேர்ந்து இருக்கே, அங்கே போங்க லா. நம்ம மலேசிய ஸ்கேட்டர் ஜூலியன் யீ அங்கேதான் கத்துக்கிட்டு 2018 ஒலிம்பிக் வரைக்கும் போனாரு.

குளிர்சாதனம்_பூச்சோங்
எடை பிரச்சினை இல்லை. பரப்பி வெச்சா சதுர மீட்டருக்கு 50 கிலோதான், ஜனம் நெருக்கி நின்னாலே அதைவிடக் கூட. வாட்டர்புரூஃபிங்ல ஆணி அடிக்காம இருந்தாப் போதும்.

மீனாக்கா_பிஜே
லிஃப்ட் சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். தம்பி, நாலு விஷயம் நீங்க சொல்லவே இல்லை: நிஜ ஐஸா, ஐஸ் மாதிரி வழுக்கற பிளாஸ்டிக் பலகையா, அளவு என்ன, மேலே கூரை இருக்கா, செலவு யாருது?

கோவைப்பையன்_கேஎல்
மன்னிக்கணும் அக்கா. இப்பத்தான் கொட்டேஷனைப் பார்த்தேன், பிளாஸ்டிக் பலகைதான். 12க்கு 8 மீட்டர், ஆறாவது மாடி நீச்சல்குளம் பக்கம், கூரை இல்லை. செலவு சிங்கிங் ஃபண்ட்லன்னு போட்டிருக்கு.

மீனாக்கா_பிஜே
இதை மொதல்லயே சொல்லியிருந்தா பாதிப் பேச்சு மிச்சம். சிங்கிங் ஃபண்ட் பெயிண்ட், லிஃப்ட் மாத்தறது மாதிரி பெரிய வேலைக்கு. விழாவுக்குத் தொடக்கூடாது, அதைக் குறிப்பில் முதல் வரியா எழுதுங்க.

பிளாஸ்டிக் வெயில்ல நீளும். 12 மீட்டர் தளம், 20 டிகிரி சூடு ஏறினா மூணரை செண்டிமீட்டர். தடுப்புச் சுவரோட ஒட்டிப் போட்டா நடுவில் அப்பளம் மாதிரி உப்பும். ஓரத்துல இடம் விடச் சொல்லுங்க, மேலே கூடாரமும் கேளுங்க. போடியம் டைல்ஸ் தண்ணி ஓடறதுக்குச் சரிவா இருக்கும். அடியில பிளைவுட் வெச்சு மட்டம் பண்ணாம விட்டா பலகை மூட்டு எழும்பும். ரெண்டு மில்லிமீட்டர் எழும்பினாலே பிளேடு மூக்கு தட்டி ஆள் முகத்துல விழுவாரு. குளத்துப் பக்கத்துச் செருப்பு மண் உள்ளே வந்தா பலகையும் கீறும், பிளேடும் மழுங்கும், அதனால வாசல்ல ரப்பர் பாய், தினம் ஈர மாப். நிஜ ஐஸைவிட பிளேடு சீக்கிரம் மழுங்கும், சாணை பிடிக்கிற செலவு கொட்டேஷன்ல இருக்கான்னு பாருங்க.

ஒரே நேரத்துல 15, 20 பேர், அரை மணிக்கு ஒரு குழு. சின்னவங்களுக்கு ஹெல்மெட். இடி கேட்டா ஜாகா (காவலாளி) கேட்டைச் சாத்தணும். பொது விபத்துக் காப்புறுதி யார் பேர்லன்னு எழுத்துல வாங்குங்க.

நன்மைன்னு எழுத ஒட்டாவாப் பொண்ணு சொன்னதை எடுத்துக்குங்க. ஆனா இருட்டு, குளிர் எல்லாம் இங்கே பொருந்தாது. டிக்கெட் வேண்டாம், ஷூ இரவல், பக்கத்து ஃபிளாட்ஸ் பிள்ளைங்களுக்கும் அனுமதி, இந்த மூணையும் கேளுங்க. மூணும் இல்லைன்னா சன்வேக்கு வேன் பிடிக்கறது மலிவு.

கோவைப்பையன்_கேஎல்
ஷூ எத்தனை ஜோடி கேக்கறதுங்க அக்கா?

மீனாக்கா_பிஜே
ஒரு குழு ஆடும்போதே அடுத்த குழு மாட்டிக்கும், அதனால நாப்பது. பாதிக்கு மேல சின்ன சைஸ். காலுறை அவங்கவங்க கொண்டு வரட்டும்.

செந்தூல்வாசி
ஸ்டாம்ப் விஷயம் இன்னும் சொல்லலையே தம்பி?