ஜப்பானிய பாணி வரவேற்பறை: அலமாரியைத் தூக்கிவிடலாமா?

வெள்ளைச்சுவர்:
வரவேற்பறையை ஜப்பானிய மினிமலிச பாணிக்கு மாற்றப் போகிறேன். சோபா, டீப்பாய், சுவர் அலமாரி மூன்றும் வெளியே. தரையில் ததாமி என்ற தடித்த பாய், தாழ்ந்த மேசை ஒன்று, சன்னலுக்கு ஷோஜி என்ற காகிதம் ஒட்டிய மரச்சட்டத் தடுப்பு, அவ்வளவுதான். வீட்டில் பலத்த எதிர்ப்பு. என்ன சொல்கிறீர்கள்?

மூலைப்பல்லி:
நான் உங்கள் வீட்டார் பக்கம். அலமாரி போகட்டும், அதில் இருக்கும் சாமான் எங்கே போகும்? கட்டிலுக்கு அடியில்தான். காலி அறையைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் பக்கத்து அறையைக் காட்டுவதே இல்லை.

வெள்ளைச்சுவர்:
பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டால் குவிய என்ன இருக்கிறது? கியோட்டோவின் கட்சுரா மாளிகை 17ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1933இல் அதைப் பார்த்த ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் புருனோ டவுட் அதன் எளிமையை வியந்து எழுதினார். இன்றைக்கும் அது பழசாகத் தெரியவில்லையே.

தச்சன்மகள்:
அரண்மனையை விடுங்கள் சார், சாதாரண வீட்டைப் பார்ப்போம். பழைய ஜப்பானிய வீட்டில் அறை காலியாக இருக்கக் காரணமே ஓஷீரேதான். சுவருக்குள் பதித்த அலமாரி, நடுவில் ஒரு தட்டு, முன்னால் இழுவைக் கதவு. ஆழம் ஏறக்குறைய 90 செ.மீ. இருக்கும். இரவு விரித்த ஃபுட்டான் மெத்தை மடித்தபடி அப்படியே உள்ளே போய்விடும். வசதியான வீடுகளில் இது போதாமல் குரா என்று தடித்த மண்சுவர் வைத்த களஞ்சியம் ஒன்று தனியாக நிற்கும். சுவரில் தொங்கும் படச்சுருள்கூடப் பருவத்துக்குப் பருவம் அங்கிருந்து வந்து போகும். சாமான் இல்லாத வீடு இல்லை அது, சாமானுக்கு இடம் உள்ள வீடு. அலமாரியைக் கழற்றுவதற்கு முன்னால் அதைவிடப் பெரிய அலமாரி ஒன்று கட்டுங்கள்.

மூலைப்பல்லி:
நான் இரண்டு வரியில் சொன்னதை அக்கா அளவெடுத்துச் சொல்லிவிட்டார். சரி, தினமும் காலையில் அந்த மெத்தையை மடிப்பது யார்?

அரைத்தூக்கம்:
நான் மடிக்கிறேன். ததாமி போட்டு மூன்று வருடம் ஆகிறது. முதல் மழைக்காலத்தில் சோம்பல்பட்டு நான்கு நாள் மெத்தையை எடுக்காமல் விட்டேன். தூக்கிப் பார்த்தால் முதுகு படும் இடத்தில், சரியாக என் நீளத்துக்கு, பச்சைப் பூசணம்! வேர்வை மெத்தை வழியாக இறங்கிப் பாயில் தங்கிவிடுகிறது. மேலே நெய்திருக்கும் இகுசா கோரை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், காற்று பட்டால்தான் திருப்பி விடும். மடிப்பது ஐந்து நிமிட வேலை. அதற்குப் பகல் முழுக்க ஓர் அறை கிடைக்கிறது. முன்பு அது சோபாவின் அறை, நாங்கள் சுற்றிக்கொண்டு நடப்போம். இதையும் பாசாங்கு என்பீர்களா?

மூலைப்பல்லி:
பாசாங்கு என்று நான் எங்கே சொன்னேன்? தேகப்பயிற்சி என்று வேண்டுமானால் சொல்வேன். முழங்கால் வலிக்காரர் தரையிலிருந்து எப்படி எழுவார்?

அரைத்தூக்கம்:
ததாமிக்கென்றே தாழ்ந்த நாற்காலி இருக்கிறது. நான்கு கால் குத்தி நிற்காது, அடியில் நீளவாக்கில் சட்டம் ஓடும். சாதாரண நாற்காலி போட்டால் பாயில் பள்ளம் விழும்.

வெள்ளைச்சுவர்:
ஷோஜியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே?

தச்சன்மகள்:
என் மகன் முதல் வாரமே விரலை விட்டான். வாஷி காகிதம்தானே, கிழியும். ஓட்டை மேல் பூ வடிவத்தில் காகிதம் வெட்டி ஒட்டுவது அங்கே வழக்கம். எங்கள் வீட்டில் இப்போது ஏழு பூ. பிளாஸ்டிக் பூசியது எளிதில் கிழியாது, ஆனால் காற்று புகாது. இன்னொன்று, ஷோஜி போட்டுவிட்டுக் கூரையில் வெள்ளை டியூப்லைட் எரியவிடாதீர்கள், கண்றாவியாக இருக்கும். 2700 கெல்வின் மஞ்சள் விளக்கைத் தாழ்வாக வையுங்கள்.

வெள்ளைச்சுவர்:
அலமாரியை அளந்தேன், ஆழம் 40 செ.மீ. தான். இருக்கட்டும், இழுவைக் கதவு போட்டு மூடிவிடுகிறேன். சோபா மட்டும் போகிறது.

மூலைப்பல்லி:
சோபாவை யாருக்குத் தருகிறீர்கள்? சும்மா கேட்டேன்.