மூன்று வருடம் காலை 5.30 பயிற்சி, களத்தில் 3 நிமிடம்: கல்லூரி பாஸ்கெட்பால் அணி யாருக்கு?

பேஸ்லைன்:
கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி, பெயர் வேண்டாம். முதலாண்டு சேர்ந்த இரண்டாவது வாரத்திலிருந்து தினமும் காலை 5.30 மணிக்கு கோர்ட்டில் நிற்கிறேன். முதல் அரை மணி நேரம் பந்தைத் தொடவே விடமாட்டார்கள், கோட்டுக்குக் கோடு தொட்டுத் திரும்பும் ஓட்டம்தான். அப்புறம் லே-அப், டிஃபென்ஸ் ஸ்லைடு, பாக்ஸ் அவுட். சாயங்காலம் மறுபடி இரண்டு மணி நேரம். மூன்று வருடத்தில் அம்மை போட்டிருந்த இரண்டு வாரம் தவிர ஒரு நாள் விட்டதில்லை. இந்த வருட மண்டலப் போட்டியில் 4 ஆட்டம் ஆடினோம். எனக்குக் கிடைத்தது மொத்தம் 3 நிமிடம், அதுவும் நாங்கள் 30 பாயின்ட் முன்னால் இருந்தபோது. அணியின் 12 பேரில் 8 பேர் விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவர்கள். அதில் இரண்டு பேர் காலைப் பயிற்சிக்கு வருவதே இல்லை, போட்டிக்கு முந்தின வாரம்தான் வருவார்கள். என்னைவிட நன்றாக ஆடுகிறார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கல்லூரியில் படிக்க வந்து, அங்கேயே விளையாடக் கற்றுக்கொண்டவனுக்கு இடமில்லாத அணியைக் கல்லூரி அணி என்று எப்படிச் சொல்வது?

தேனிக்காரன்:
தம்பி, நான் அந்த ஒதுக்கீட்டில் வந்தவன்தான். படித்து முடித்து ஏழு வருடம் ஆகிறது. அப்பா லாரி ஓட்டுநர். பெரியகுளத்தில் மே மாத டோர்னமென்ட் நடக்கும்போது ராத்திரி கேலரியில் உட்கார்ந்து பெரிய அணிகளைப் பார்த்துத்தான் எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. ஆறாம் வகுப்பில் பந்தைத் தொட்டேன். நீங்கள் மூன்று வருடம் உழைத்தீர்கள், நான் கல்லூரிக்கு வரும்போதே ஏழு வருடம் உழைத்திருந்தேன், அந்த உழைப்பை உங்கள் கல்லூரி கோர்ட்டில் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கட்டணம், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் ஆட்டத்தை நம்பித்தான் கிடைத்தது. பல்கலைக்கழக அணியில் இடம் பிடித்தால் ஐ.ஓ.பி., இந்தியன் வங்கி, ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். அணிகளின் கண்ணில் படலாம், மாநில அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. உங்களுக்கு அந்த 3 நிமிடம் ஆசை, எனக்கு அது பிழைப்பு. இரண்டுக்கும் ஒரே தராசு வைக்காதீர்கள்.

ஆர்க்வெளியே:
அண்ணா சொல்வது சரி, ஆனாலும் பேஸ்லைன் பக்கம்தான் நான். நல்ல ஆட்களை வெளியிலிருந்து கொண்டுவந்து அடுக்கினால்தான் ஜெயிக்கலாம் என்பது உண்மையில்லை. 2022-ல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான என்.சி.ஏ.ஏ. போட்டியில் ஜெர்சி சிட்டியின் செயின்ட் பீட்டர்ஸ், 16 அணி கொண்ட தன் பிரிவில் 15-ஆம் இடத்துத் தரவரிசையில் வந்த சின்னக் கல்லூரி, முதல் சுற்றிலேயே பெரிய அணியான கென்டக்கியை ஓவர்டைமில் 85-79 என்று வென்றது. அப்புறம் மர்ரே ஸ்டேட், பர்டூ என்று தாண்டி கடைசி எட்டு வரை போனது. பெரிய பெயர் ஒன்றுகூட இல்லாத அணி. சேர்ந்து பயிற்சி எடுத்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமலே பாஸ் போடுவார்கள், போட்டிக்கு முந்தின வாரம் வருபவனுக்கு அது வராது.

தேனிக்காரன்:
செயின்ட் பீட்டர்ஸ் பையன்களும் ஸ்காலர்ஷிப்பில் வந்தவர்கள்தான் தம்பி. அந்தக் கதையின் மிச்சத்தையும் சொல்லுங்கள். போட்டி முடிந்ததும் கோச் சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார், முக்கியமான ஆட்டக்காரர்கள் பலர் வேறு கல்லூரிகளுக்கு மாறினார்கள். கிடைத்த வாய்ப்பை அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள், நான் குறை சொல்லமாட்டேன். ஸ்காலர்ஷிப்பே இல்லாத விளையாட்டு வேண்டுமென்றால் அதே நாட்டில் டிவிஷன் 3 என்று தனிப் படிநிலை இருக்கிறது, அங்கே விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்கக் கூடாது என்பது விதி. நம்மிடம் அப்படி ஒரு படிநிலை இல்லாததற்கு ஒதுக்கீட்டுப் பையன் என்ன செய்வான்?

கோர்ட்_ஓரம்:
நான் கோச். பதினான்கு வருடமாக இந்த வேலை. முதலில் ஒரு கணக்கு. ஆட்டம் 40 நிமிடம், களத்தில் 5 பேர், ஆக மொத்தம் 200 நிமிடம். அதை 12 பேருக்குப் பிரிக்க வேண்டும். நெருக்கமான ஆட்டத்தில் 8 பேரைத் தாண்டி யாரும் போகமாட்டார்கள். ஒதுக்கீடே இல்லாவிட்டாலும் நாலு பேர் உட்காரத்தான் வேண்டும்.

ஆனால் பயிற்சிக்கு வராதவனை இறக்குவது வேறு விஷயம், அது கோச்சின் தவறு. நானும் செய்திருக்கிறேன். ஒரு வருடம் மனசு கேட்காமல், காலைப் பயிற்சியை விட்டவன் எவனாக இருந்தாலும் முதல் குவார்ட்டர் பெஞ்சில் என்று அறிவித்தேன். கால் இறுதியில், கூடைக்குப் பக்கத்தில் நின்று ஆடும் என் சிறந்த சென்டரே உட்கார வேண்டியதாயிற்று. எதிரணி 2-3 ஜோன் போட்டது, அதாவது ஆளைப் பிடிக்காமல் முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர் என்று இடம் பிரித்துக் காத்தார்கள், உள்ளே பந்தை வாங்க ஆளில்லை, முதல் பத்து நிமிடத்தில் 14 பாயின்ட் பின்தங்கினோம். அப்புறம் அவனை இறக்கினேன், விரட்டிக்கொண்டு வந்து 3 பாயின்டில் தோற்றோம். நிர்வாகம் கூப்பிட்டுக் கேட்டது. பையன் அடுத்த வருடம் வேறு கல்லூரிக்குப் போய்விட்டான். போகும்போதுதான் சொன்னான், சிமென்ட் தரையில் குதித்துக் குதித்து முழங்காலுக்குக் கீழே தசைநாரில் வலி, காலையில் படி இறங்க முடியாது, சொன்னால் இடம் போய்விடும் என்று மறைத்தேன் என்று. அதை நான் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். பேஸ்லைன், உங்கள் அந்த இரண்டு பேர் ஏன் வருவதில்லை என்று யாராவது கேட்டீர்களா?

பேஸ்லைன்:
கேட்கவில்லை சார். ஒருவன் முழங்காலில் பட்டை சுற்றிக்கொண்டுதான் எப்போதும் ஆடுவான், இப்போது யோசிக்கிறேன். இன்னொருவன் தூங்குகிறான், அது எனக்கு உறுதியாகத் தெரியும்.

ஆனாலும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போட்டிக்கு முந்தின வாரம் எங்கள் நாலு பேரையும் எதிரணி மாதிரி ஆட வைப்பார்கள், நாங்கள் ஜோன் போடுவோம், அவர்கள் உடைத்துப் பழகுவார்கள். அதற்கு மட்டும் நாங்கள் வேண்டும். போட்டிக்குப் போன நாளுக்கு வருகைப்பதிவு தரும் ஓ.டி. கேட்டால் ஆடாதவனுக்கு எதற்கு என்று துறையில் கேட்கிறார்கள். இரண்டு அரியர் இருக்கிறது எனக்கு.

கோர்ட்_ஓரம்:
ஓ.டி. 12 பேருக்கும் கிடைக்க வேண்டும், அதை பி.டி. சாரிடம் எழுதிக் கொடுங்கள், தயங்காதீர்கள். இன்னொன்று, ஊர் கிளப்புகள் நடத்தும் ஓபன் டோர்னமென்ட்களுக்கு இரண்டாவது அணியாகப் பெயர் கொடுங்கள். நான் மூன்று வருடமாக என் பையன்களை அப்படி அனுப்புகிறேன். நுழைவுக் கட்டணமும் பஸ் காசும்தான் செலவு. அங்கே முப்பது நிமிடம் ஆடியவனை, மெயின் டீமில் ஒருவன் நாலு ஃபவுலோடு, இன்னொன்று வந்தால் வெளியே என்று நிற்கும்போது பயமில்லாமல் இறக்கலாம்.

ஆர்க்வெளியே:
இரண்டாவது அணி நல்ல யோசனைதான் சார், ஆனால் அது ஆறுதல் பரிசு மாதிரி ஆகிவிடக் கூடாது. 12-ல் பாதி இடமாவது பொதுச் சேர்க்கை மாணவர்களுக்கு என்று விதி வேண்டும்.

தேனிக்காரன்:
அந்த விதி வந்தால் என்னைப் போல இரண்டு பேருக்குப் படிப்பே கிடைக்காது. இதில் நான் இறங்கி வரமாட்டேன். பேஸ்லைன் தம்பி, ஓபன் டோர்னமென்ட்டுக்கு அணி சேர்த்தால் சொல்லுங்கள், வார இறுதியில் வந்து பயிற்சி கொடுக்கிறேன். முதலில் அந்த முழங்கால் பட்டை கட்டிய பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு பிசியோவிடம் போங்கள்.

பேஸ்லைன்:
நாளைக்குக் காலையில் அவன் அறைக்குப் போகிறேன் அண்ணா. பாதி இடம் விஷயத்தில் இன்னும் ஆர்க்வெளியே சொல்வதுதான் எனக்குச் சரி என்று படுகிறது.