ஸ்பீட்வே பைக் ரேஸ் நேர்ல பார்த்திருக்கீங்களா? நான் லண்டன் ப்ளவ் லேன்ல பார்த்தது

2004ல கம்பெனி அனுப்பி லண்டன் போனப்ப டூட்டிங்லதான் ரூம், நம்ம ஊர் சாப்பாடு கிடைக்கும்னு அங்க எடுத்தது. ஒரு நாள் சாயங்காலம் கேரட் லேன்ல நடந்துட்டு இருக்கேன், கட்டடங்களுக்குப் பின்னாடி எங்கயோ இருந்து நாலஞ்சு பைக் ஒண்ணா அலறுற சத்தம், ஒரு நிமிஷம் கேட்டுச்சு, அப்புறம் சுத்தமா அமைதி, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி. சத்தத்தைப் பிடிச்சுட்டே போனா ப்ளவ் லேன்ல நாய் ரேஸ் நடக்குற விம்பிள்டன் ஸ்டேடியம், அன்னிக்கு அங்க ஸ்பீட்வே. டிக்கெட் வாங்கிட்டு உள்ள போயிட்டேன்.

முதல்ல மூக்குல ஏறுனது வாசனைதான். விளக்கெண்ணெய் கருகுற வாசனை! அந்த இன்ஜினுக்கு ஆமணக்கு எண்ணெய்ல செஞ்ச ஆயில் ஊத்துவாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. 500 சிசி, ஒத்த சிலிண்டர், ஒரே கியர், பெட்ரோலுக்குப் பதிலா மெத்தனால், பிரேக்கே கிடையாது. நாலு பேர், நாலு ரவுண்டு, ஜெயிச்சவனுக்கு 3 பாயிண்ட், அடுத்தவனுக்கு 2, மூணாவதுக்கு 1, கடைசி ஆளுக்கு ஒண்ணுமில்ல. வளைவுக்குள்ள வர்றப்ப பின் வீல் வெளிய வழுக்கிட்டு ஓடுது, முன் வீல் வலது பக்கம் திரும்பி நிக்குது, ஆனா வண்டி இடது பக்கம் போகுது. இடது கால் பூட்ஸுக்கு அடியில இரும்புத் தகடு கட்டியிருக்கான், அதைத் தரையில தேய்ச்சுக்கிட்டே வளையுறான். நான் முதல் வளைவு பக்கம் வேலிய ஒட்டி நின்னேன், செம்மண் மாதிரி கல்லுத்தூள் பறந்து வந்து மூஞ்சில அடிச்சுது, சட்டை பூரா செவப்பு.

ஸ்டாண்ட்ல பாதிக்கு மேல காலி. பக்கத்துல ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், எழுபது வயசு இருக்கும், ஒவ்வொரு ரேஸ் முடிஞ்சதும் ப்ரோகிராம் புக்ல பென்சில்ல பாயிண்ட் எழுதிட்டு இருந்தார். நான் முழிக்கிறதைப் பார்த்து அவரே கட்டம் கட்டமா சொல்லிக் குடுத்தார். 1981ல வெம்ப்ளில உலக ஃபைனல் பார்த்தாராம், அமெரிக்காக்காரர் புரூஸ் பென்ஹால் ஜெயிச்சது, 90 ஆயிரம் பேருக்கு மேல கூட்டம். 1928 பிப்ரவரில எப்பிங் காட்டுல ஹை பீச்ல நடந்த ரேஸ்தான் இங்கிலாந்துல இதுக்கு ஆரம்பம்னு சொல்வாங்க, அதுக்கே 30 ஆயிரம் பேர் வரைக்கும் வந்தாங்களாம். அவ்ளோ பெரிய ஆட்டத்தை நான் காலி ஸ்டாண்ட்ல நின்னு பார்த்திருக்கேன்னு நினைச்சா இப்பவும் மனசு கனக்குது.

2005 சீசனோட அங்க ஸ்பீட்வே முடிஞ்சுது. 2017ல நாய் ரேஸும் நின்னுச்சு, ஸ்டேடியத்தை இடிச்சுட்டாங்க, இப்ப அங்க ஏஎஃப்சி விம்பிள்டனோட ஃபுட்பால் கிரவுண்டும் ஃப்ளாட்டும் நிக்குது. லண்டனுக்குள்ள இப்ப ஒரு ட்ராக் கூட இல்ல. நீங்க யாராவது பார்த்திருந்தா எழுதுங்க.

*

தம்பி, அதே இடத்துக்கு நான் 88ல இருந்து போனனான். கடையில வேலை முடிய மச்சானும் நானும் நேரா அங்கதான். 91ல அது நிண்டுபோச்சுது, பிறகு 2002லதான் திரும்பத் தொடங்கினவை, அதைத்தான் நீங்கள் பாத்திருக்கிறியள்.

சனம் வராததாலதான் நிண்டது எண்டு எல்லாரும் சொல்லுவினம், நான் அதை முழுசா ஒத்துக்கொள்ளமாட்டன். கன இடங்களில ஸ்பீட்வேக்காரருக்கு எண்டு சொந்தக் காணி இல்லை, நாய் ரேஸ் ஸ்டேடியத்தில வாடகைக்கு இருந்தவை. 1961ல பெட்டிங் கடையளைச் சட்டப்படி திறக்க விட்டாப்பிறகு நாய் ரேஸுக்குப் போற சனம் குறைஞ்சுது, லண்டன்ல காணி விலை ஏறிச்சுது, ஸ்டேடியத்தை வித்தா ஸ்பீட்வேயும் அதோட சேந்து வெளிய. ஹாக்னி ஸ்டேடியம் இருந்த இடம் ஒலிம்பிக் பார்க்குக்குள்ள போட்டுது.

90களில நான் கிழக்கு லண்டன்ல மினிகேப் ஓடினனான். ஒருநாள் ஒரு வயசான மனுசி ஏறி, கஸ்டம் ஹவுஸ் எண்ட இடத்தில யங் ரோட்டுக்குப் போகவேணும் எண்டா. இறங்கேக்குள்ள கேட்டா, இந்தத் தெருவுக்கு ஏன் இந்தப் பேர் தெரியுமோ எண்டு. ஜாக் யங், 1951லயும் 52லயும் உலக சாம்பியன், வெஸ்ட் ஹாம் ஸ்பீட்வே டீமுக்கு ஓடினவர். 72ல அந்த டீமின்ரை ஸ்டேடியத்தை மூடி அதில வீடுகள் கட்டினவை, தெருக்களுக்கு ஓட்டக்காரரின்ரை பேரை வைச்சிருக்கினம். பக்கத்தில ஹொஸ்கின்ஸ் க்ளோஸ் எண்டும் இருக்கு, அவர்தான் 1923ல ஆஸ்திரேலியாவில வெஸ்ட் மெய்ட்லண்டில இந்த ரேஸை நடத்தத் தொடங்கின ஜானி ஹொஸ்கின்ஸ். மனுசி காசைத் தந்திட்டு, நான் பத்து வயசில இந்த மூலையிலதான் நிண்டு கத்தினனான் எண்டு தன்ரை வீட்டு வாசலைக் காட்டினா. எனக்கு வண்டி எடுக்க மனமே வரேல்லை.

*

அங்கிள், படிக்கவே ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் போலந்துல வ்ரோட்ஸ்வாஃப்ல படிக்கிறேன், இங்க நிலைமையே வேற. இங்க இதுக்குப் பேரே ஜுஜெல், கரி எரிஞ்ச கசடுன்னு அர்த்தம், அந்தக் காலத்துல ட்ராக்ல அதைத்தான் கொட்டுவாங்களாம். இந்த ஊர் ஒலிம்பிக் ஸ்டேடியத்துல ஸ்பார்ட்டாங்கிற உள்ளூர் டீம் மேட்ச் இருந்தா அந்த ஏரியா டிராம் ஃபுல்லா மஞ்சள் சிவப்பு ஸ்கார்ஃப்தான், தாத்தா பாட்டி பேரன்னு குடும்பமா வர்றாங்க. 2017ல ஸ்டேடியத்தையே புதுப்பிச்சாங்க. ஆறு தடவ உலக சாம்பியன் ஆன பார்ட்டோஷ் ஸ்மார்ஸ்லிக் இந்த நாட்டுக்காரர்தான், அவர் கடைசி வளைவுல வெளிப்பக்கமா ஏறி ஒருத்தரைத் தாண்டுறப்ப மொத்த ஸ்டாண்டும் எந்திரிச்சு நிக்கும், எதிர் டீம் ஆளா இருந்தாலும்.

சீசன் ஏப்ரல்ல ஆரம்பிக்கும். இந்தப் பக்கம் யாராவது வந்தா சொல்லுங்க, டிக்கெட் சீக்கிரம் தீந்துடும், நான் முன்னாடியே எடுத்து வைக்கிறேன். வளைவு பக்கம் உக்காரணும்னா கண்ணாடி போட்டுக்கோங்க, வெள்ளச் சட்டை வேண்டாம்.