புதுப்பிப்பு: லேண்ட் ரோவர் சீரிஸ் 3, சேஸிஸ் துரு

புதிதாக வாங்கிய பழைய சீரிஸ் 3-இன் சேஸிஸில் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) உள்ள துரு மேலோட்டமானதா, தகடு மாற்ற வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். சுத்தியலால் தட்டிப் பாருங்கள் என்றீர்கள். தட்டினேன். நடுப்பகுதி முழுக்கக் கணீரென்று ஒலித்தது, அங்கே இரும்பு நன்றாக இருக்கிறது. பின் குறுக்குச்சட்டத்தில் மட்டும் மந்தமான சத்தம். அங்கே குத்திப் பார்த்தால் ஸ்க்ரூடிரைவர் உள்ளேயே போய்விட்டது.

இந்த வண்டியின் பாடி பெரும்பாலும் அலுமினியக் கலவை. அது பளபளப்பாக இருப்பதைப் பார்த்து யாரும் ஏமாறக்கூடாது. சேஸிஸ் எஃகுப் பெட்டி வடிவம். சேறு உள்ளே தங்கி, ஈரம் உள்ளிருந்தே அரிக்கிறது. வெளியே தெரியும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

அழுகிய பகுதியை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, 2 மி.மீ. தகடு வைத்து வெல்டிங் செய்தாயிற்று. அதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் டேங்கையும் இறக்கிவிட்டோம். இதில் சமரசமே கூடாது. பட்டி பூசி மறைக்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. பாரம் தாங்கும் இடத்தில் அது ஆபத்து.

மேலோட்டத் துருவுக்கு வயர் பிரஷ், பாஸ்பாரிக் அமிலம் கலந்த கன்வெர்ட்டர் (துருவை நிலையான படலமாக மாற்றும் திரவம்), அப்புறம் துத்தநாக பிரைமர். வடிகால் ஓட்டைகளையும் குத்தித் திறந்துவிட்டேன். சேஸிஸ் உள்ளே துரு பிடிக்காமல் இருக்க அடிக்கும் மெழுகைக் கடைசியில்தான் அடிக்க வேண்டும், வெல்டிங் சூட்டில் எரிந்துவிடும்.

அடுத்தது பல்க்ஹெட், அதாவது என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு. அதுவும் எஃகுதான், கால் வைக்கும் இடத்தில் ஓட்டை தெரிகிறது. அங்கே தகடு வெட்டி ஒட்டியவர்கள் படம் போட்டால் பெரிய உதவி.